உஷ்ண யந்திரத்தின் குளிர் உபசாரம்

கனடா தேசத்து வின்னிபெக் நகரில், ஜனவரி மாதத்துக் காலை வேளையொன்றில், பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி என்று வானிலை அறிக்கை பயமுறுத்திக்கொண்டிருக்கையில், காரின் ஹீட்டரைத் திருகியதும் பனிக்காற்றே முகத்தில் வீசுமானால், வெளியே தாராளமாகக் கிடைப்பதையே உள்ளேயும் விசிறி வைத்து வழங்கும் அந்த உபசாரத்தை என்னவென்று புகழ்வது!

ஹீட்டர் தனியே நெருப்பு மூட்டும் சாதனமன்று. எஞ்சின் வேண்டாமென்று ஒதுக்கும் உஷ்ணத்தைக் கூலன்ட் திரவம் சுமந்து வந்து, டாஷ்போர்டுக்குப் பின்னே ஒளிந்திருக்கும் சிறு ரேடியேட்டரில் இறக்கிவிட்டுப் போகிறது. ஆகையால் திரவம் குறைந்தாலும், குழாயில் காற்று அடைத்துக்கொண்டாலும், சுமார் 90 டிகிரியில் திறக்க வேண்டிய தெர்மோஸ்டாட் சதா காலமும் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாலும், பிரயாணி நடுங்க வேண்டியதுதான்.

இவ்வளவும் அறிந்த நிபுண சிகாமணிகள் சிலரோ, டாஷ்போர்டு முழுவதையும் பெயர்த்தெடுத்து அந்தச் சிறு ரேடியேட்டரை மாற்றும் மகா யக்ஞத்தையே முதற்கண் சிபாரிசு செய்வார்கள். அற்ப விலைத் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிப்பது அவர்கள் கௌரவத்துக்கு இழுக்குப் போலும். எஞ்சின் நன்கு சூடேறிய பின், ஹீட்டருக்குச் செல்லும் இரண்டு ரப்பர் குழாய்களையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பார்த்தாலே பாதி மர்மம் விளங்கிவிடும்: இரண்டும் சூடாயிருந்தால் குற்றவாளி பெரும்பாலும் உள்ளே காற்றைத் திருப்பிவிடும் கதவு, ஒன்று சூடும் மற்றது குளிர்ச்சியுமானால் அடைப்பு, இரண்டும் வெதுவெதுப்பென்றால் தெர்மோஸ்டாட்டைப் பிடித்து விசாரிக்கலாம்.

எதற்கும், பணத்தை அளந்து கொடுக்குமுன், எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பார்த்துவிடுங்கள். சூடாயிருக்கையில் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடாதீர்கள், கேட்டதற்கும் அதிகமான உஷ்ணம் முகத்திலேயே கிடைத்துவிடும்.