செத்தபின் கிடைக்கும் சான்றிதழ்

இலங்கையில் மனநோயைக் கண்டுபிடிப்பதில் அங்கொடை மனநல வைத்தியர்களையே மிஞ்சிய நிபுணர்கள் இரண்டு பேர் உண்டு. ஒருவர் பொலிஸ் பேச்சாளர், மற்றவர் அமைச்சர். இவர்கள் நாடி பிடிப்பதில்லை, பேச்சுக் கொடுப்பதில்லை. ஆள் செத்த பிறகு ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து, "அவருக்கு மனநிலை சரியில்லை" என்று முடித்துவிடுவார்கள். மூச்சு இருந்தவரை அதே ஆள் சந்தேகநபர், கலகக்காரன், தூள்காரன்.

2020 நவம்பர் 29, மஹர சிறைச்சாலை. கொரோனா உள்ளே வந்துவிட்டது, எங்களைப் பரிசோதியுங்கள் என்று கத்திய கைதிகளில் 11 பேர் பிணமானார்கள். நூறு பேருக்கு மேல் காயம். இரத்தம் காயுமுன்னே அமைச்சர் விமல் வீரவன்ச பாராளுமன்றத்தில் எழுந்தார். இரத்தம் பார்க்கத் தூண்டும் மாத்திரை ஒன்றைக் கைதிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். சிறை மருந்தகத்து மனநோய் மாத்திரைகளைத்தான் விழுங்கினார்கள் என்று பொலிஸும் ஒத்து ஊதியது. ஒரு சிறையில் அத்தனை மனநோய் மாத்திரை இருந்தது என்றால், அதை விழுங்க வேண்டிய நோயாளிகளுக்குச் சிறையில் என்ன வேலை? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு அன்று வேறு அலுவல். பிறகு பிரேதப் பரிசோதனை அறிக்கைகள் நீதிமன்றத்துக்கு வந்தன. அவற்றில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்தன. இரத்தம் பார்க்கும் ஆசை துப்பாக்கியின் எந்தப் பக்கத்தில் நின்றவருக்கு வந்தது என்று அமைச்சரின் மருத்துவ ஞானம்தான் சொல்ல வேண்டும்.

2025 ஏப்ரலில் இன்னொன்று. வெலிக்கடைப் பொலிஸ் பிடித்துப்போன பதுளை இளைஞன் அங்கொடைத் தேசிய மனநல நிறுவகத்தில் செத்துக் கிடந்தான். அவன் குழப்படி செய்தான், தானே காயப்பட்டான் என்றது பொலிஸ். அடித்துத்தான் கொன்றார்கள் என்றது குடும்பம். புதைத்த உடலைத் திரும்பத் தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று. பொலிஸுக்குள் நல்ல தேகத்தோடு நுழைந்தவன், ஓரிரு நாளில் மனநோயாளியாக வெளியே வருகிறான். இவ்வளவு வேகமாகப் பரவும் மனநோயை உலக சுகாதார நிறுவனம் இன்னும் பட்டியலில் சேர்க்கவில்லை.

சரி, உண்மையிலேயே நோயுள்ளவன் அகப்பட்டால்? 2009 ஒக்டோபர் 29, பம்பலப்பிட்டி. ரயிலுக்கும் வாகனத்துக்கும் கல்லெறிந்துகொண்டிருந்த மனநோயாளித் தமிழ் இளைஞனைக் கடலுக்குள் துரத்தினார்கள். பின்னாலேயே இறங்கித் தடியால் அடித்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று அவன் கையெடுத்துக் கும்பிட்டான். கரையில் சனம் நின்று பார்த்தது, தொலைக்காட்சியில் நாடு பார்த்தது. அவன் மூழ்கினான். ஒரு பொலிஸ்காரரைப் பிடித்து உள்ளே போட்டு, காட்டுமிராண்டி ஒருத்தன்தான் என்று எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடப் போனோம்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று கேட்காதீர்கள், இருக்கிறது. 1873ஆம் ஆண்டுச் சட்டம். விக்டோரியா மகாராணி காலத்துப் பைத்தியக்காரர் கட்டளைச் சட்டத்துக்கு இடையில் பெயரை மாற்றி 'மனநோய்கள்' என்று வெள்ளை அடித்தோம். 2005இல் தேசிய மனநலக் கொள்கை வந்தது, புதிய சட்டம் வரும் என்றது. வரைவு எழுதினார்கள். வரைவுக்கே இப்போது கிளினிக் கார்டு போடலாம். அந்தச் சட்டத்தை எங்கள் தலையில் கட்டிய வெள்ளைக்காரன் 1984இலேயே தன் ஊரில் திருந்திக்கொண்டான்: மனநலம் குன்றியவரைப் பொலிஸ் விசாரித்தால், அவர் பக்கத்தில் அவருக்காக வயது வந்த ஒருவர் உட்கார வேண்டும். பொலிஸ்காரர் அந்த ஆளாக இருக்கக் கூடாது. எங்கள் பொலிஸ் நிலையங்களிலும் பக்கத்தில் ஆள் இருப்பார், காக்கி உடுப்பில்.

இனிப் புத்தளத்தில் எங்கள் பள்ளிவாசல்துறைக்கு வருவோம். ஒரு வீட்டை வைத்துக்கொள்ளுங்கள். கரைவலை இழுக்கும் பையன். ஆறு மாதமாகத் தூங்குவதில்லை, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று இரவில் கடற்கரைக்குப் போகிறான். முதலில் லெப்பை தண்ணி ஓதிக் கொடுத்தார். பிறகு, கல்யாணம் முடித்துவைத்தால் சரியாகும் என்றார்கள் மாமாமார். கிளினிக்குக்குக் கூட்டிப்போனால் அன்றைய கூலி போய்விடும். ஒரு நாள் மீன் வாடிக் கதவை உடைக்கிறான். மனநல உதவிக்கு 1926 என்று ஓர் இலக்கம் இருக்கிறது. அழைத்தால் குரல் வரும். 119ஐ அழைத்தால் ஜீப் வரும். வாடிக்காரருக்கு வேண்டியது ஜீப்.

"என்ட மவனுக்கு மனசு சரியில்ல சேர்" என்று உம்மா காலில் விழுகிறாள். பொலிஸுக்கு அது கேட்பதில்லை. செத்தால்தான் கேட்கும் காது அது. 2023 டிசம்பரில் அன்றைய பதில் பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னக்கோனும் அன்றைய பொது மக்கள் பாதுகாப்பு அமைச்சர் டிரான் அலஸும் தொடங்கிவைத்த 'யுக்திய' போதைப்பொருள் வேட்டையில் ஆயிரக்கணக்கில் அள்ளியபோது, பிடிபட்டவரில் யார் வியாபாரி, யார் நோயாளி என்று வாசலில் நின்று தரம் பிரித்தது யார்? கருவாட்டுக்குக்கூட எங்கள் ஊரில் தரம் பிரிப்பார்கள்.

பையனை ஜீப்பில் ஏற்றியாயிற்று, அடுத்தது வாக்குமூலம். சிங்களத்தில் எழுதுவார்கள், பையன் கைநாட்டோ கையெழுத்தோ வைப்பான். வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம். அரசியலமைப்பே சொல்கிறது. புத்தளம் வடமேல் மாகாணத்தில் இருப்பது பையனின் குற்றம். அவன் காதில் கேட்கும் குரல் தமிழில் பேசும், அவன் வழக்கு சிங்களத்தில் நடக்கும். இரண்டில் எது அவனுக்கு அதிகம் விளங்கியது என்று வைத்தியர் கேட்டால் நல்லது. ஆனால் வைத்தியரைக் காண முதலில் விளக்கமறியல், பிறகு சிறை பஸ், பிறகு நூற்றைம்பது கிலோமீற்றருக்கு அப்பால் அங்கொடை, அங்கே வரிசை. அறிக்கை வரும்வரை, கொள்ளளவைவிட இரு மடங்கு ஆள் அடைத்த சிறைக்கூடத்தில் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். உடைந்த கதவுக்குத் தண்டம் கட்டியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்பான்.

கூட்டில் பையன் நிற்கிறான். நீதவான் ஏதோ சொல்கிறார், சட்டத்தரணி ஏதோ சொல்கிறார், இரண்டு நிமிடம். உம்மா வெளியே ஓடிவந்து மொழிபெயர்ப்பாளரின் சட்டைக் கையைப் பிடிக்கிறாள்.

"மருந்து எழுதினாங்களா, சேர்?"

"தவணை குடுத்திருக்காங்க."