சக்கரவர்த்திகள் தங்கும் லாட்ஜ்

உங்கள் கம்ப்யூட்டருக்குள் கெர்னல் என்று ஒரு சக்கரவர்த்தி இருக்கிறார். மெமரி அவருடையது, டிஸ்க் அவருடையது, ப்ராசஸர் அவருடையது. ரிங் ஜீரோ என்ற சிம்மாசனத்தில் ஒரே ஒரு சீட்தான். அப்பேர்ப்பட்டவரிடம் போய், "ஐயா, இன்னொரு ராஜாவின் அரண்மனையில் ஒரு ரூம் ஒதுக்குகிறோம், தங்கிக்கொள்ளுங்கள்" என்றால் சம்மதிப்பாரா? மாட்டார். அதனால் அவரிடம் சொல்லாமலே குடிவைத்தார்கள்.

ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கெர்னலைக் குடிவைக்கும் இந்தத் தில்லாலங்கடி வேலையை, அதாவது வர்ச்சுவலைசேஷனை, ஐபிஎம் 1960களிலேயே செய்துவிட்டது. 1972ல் விஎம்/370 என்று பெயர் வைத்துக் கடைவிரித்தது. 1974ல் போப்பெக், கோல்ட்பர்க் என்ற இரண்டு பேர், இப்படிக் குடிவைப்பதற்கு ஒரு ப்ராசஸருக்கு என்னென்ன லட்சணங்கள் வேண்டும் என்று கணக்குப் போட்டே எழுதி வைத்தார்கள். பிறகு வந்த இன்டெலின் எக்ஸ்86 சிப்பைப் பார்த்தால், அந்தப் பேப்பரை அங்கே யாரும் பிரித்த மாதிரியே தெரியவில்லை.

அவர்கள் கேட்டது ஒன்றும் பெரிய வரம் இல்லை. அதிகாரம் இல்லாதவன் அதிகாரம் பண்ணினால் ப்ராசஸர் கூச்சல் போட வேண்டும். உண்மையான எஜமானர் ஓடிவந்து சமாளித்துக்கொள்வார். எக்ஸ்86ல் 17 கட்டளைகள் இந்த நாகரிகத்தைக் கற்கவில்லை. அவற்றில் ‘பாப்எஃப்’ என்று ஒரு கல்லுளிமங்கன். இன்டரப்ட்டுகளை நிறுத்தச் சொல்லி, குடிவைக்கப்பட்ட கெஸ்ட் கெர்னல் இதன் வழியாக ஆணையிடும். சிம்மாசனத்தில் இல்லாதவர் சொன்னால் ப்ராசஸர் மறுக்கவும் மறுக்காது, செய்யவும் செய்யாது. கமுக்கமாக அடுத்த வரிக்குப் போய்விடும். ராஜாவோ உத்தரவு நிறைவேறிவிட்டது என்று மீசையை முறுக்கிக்கொண்டிருப்பார்.

இதை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது என்று எல்லோரும் கைகழுவிய நேரத்தில், ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் மெண்டல் ரோசன்ப்ளம், அவர் மனைவி டயேன் க்ரீன், கூட இன்னும் மூவர் சேர்ந்து 1998ல் விஎம்வேர் ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷமே சாதாரண டெஸ்க்டாப்பில் ஓடும் ‘வொர்க்ஸ்டேஷன்’ வந்தது. டெக்னிக் என்ன? ராஜா வாயைத் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால், அவர் பேசப்போகும் வசனத்தையே மாற்றி எழுதிவிடுவது! வில்லங்கமான கட்டளைகளை ஓடும்போதே பிடித்து, வில்லங்கமில்லாததாகத் திருத்தினார்கள். ராஜா கடைசிவரை சொந்த வசனம் பேசுவதாகவே நம்பினார்.

2003ல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ‘ஜென்’ கோஷ்டி நேர்மையானவர்கள். கெஸ்ட் கெர்னலைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "நீங்கள் இங்கே விருந்தாளி, எது வேண்டுமானாலும் எங்களைக் கேளுங்கள்" என்று உண்மையைச் சொன்னார்கள். வேகம் பிய்த்துக்கொண்டு போனது. ஒரே சிக்கல், உண்மையைச் சொல்ல கெர்னலின் சோர்ஸ் கோடைத் திருத்த வேண்டும். லினக்ஸ் கதவு திறந்து கிடந்தது. விண்டோஸ் கதவு? அதன் சாவி மைக்ரோசாஃப்டின் இடுப்பில்.

2005ல் இன்டெல், 2006ல் ஏஎம்டி என்று இருவரும் ஒருவழியாகச் சிப்பிலேயே வசதி செய்தார்கள். அதாவது, கெஸ்ட் ராஜாவுக்கும் தனியாக ஒரு ரிங் ஜீரோ, உட்கார்ந்தால் வித்தியாசமே தெரியாத டம்மி சிம்மாசனம். 2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20ல் கேவிஎம் சேர்ந்தது. லினக்ஸ் கெர்னலே லாட்ஜ் ஓனர் ஆகிவிட்டது.

இனிமேல்தான் மெயின் காமெடி. 2001ல் லினக்ஸைப் புற்றுநோய் என்றவர் அன்றைய மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர். சரியாக எட்டே வருஷம். 2009 ஜூலையில் அதே கம்பெனி சுமார் 20,000 வரி கோடை, லினக்ஸின் திறந்த லைசென்ஸான ஜிபிஎல்லில் கையில் ஏந்திக்கொண்டு லினக்ஸ் வாசலில் நின்றது! தன் ஹைப்பர்-வி லாட்ஜில் லினக்ஸ் விருந்தாளிகள் சௌகரியமாகத் தங்க டிரைவர் வேண்டுமே. முன்பு கொடுத்த டிரைவரில் ஜிபிஎல் சரக்கும் மூடிவைத்த சரக்கும் கலந்திருந்ததை ஸ்டீபன் ஹெமிங்கர் என்ற எஞ்சினியர் ஏற்கனவே கண்டுபிடித்திருந்தார். மைக்ரோசாஃப்டோ, அந்தக் கண்டுபிடிப்புக்கும் இந்தத் தானத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றது. நம்புவோம்.

2011ல் வெளியான லினக்ஸ் 3.0க்கு அதிக எண்ணிக்கையில் மாற்றங்கள் அனுப்பிய தனிநபர் யார் தெரியுமா? கே.ஒய்.ஸ்ரீநிவாசன் என்ற மைக்ரோசாஃப்ட் ஊழியர். புல்லரிக்கிறதா? அவசரப்படாதீர்கள். பெரும்பாலும், தங்கள் கம்பெனி கொட்டிய கோடைத் தாங்களே பெருக்கித் துடைத்த வேலை அது.

2012ல் இன்னொரு மானக்கேடு. ஹைப்பர்-வி, லினக்ஸ் கெஸ்ட்டை அடையாளம் காண ஒரு எண் வைத்திருந்தார்கள். ஹெக்ஸில் எழுதினால் பெரிய மார்பகங்கள் என்று ஆங்கிலத்தில் படிக்கும்படி ஒரு எண்! உலக மகா கம்பெனியின் கெர்னல் கோடில் எட்டாங்கிளாஸ் கடைசி பெஞ்ச். மாட்டிக்கொண்டதும் மன்னிப்புக் கேட்டு, அதே எண்ணை டெசிமலில் 2976579765 என்று எழுதிவிட்டார்கள். ஆமாம், அதே எண்தான். வேட்டிக்குப் பதில் பேன்ட்.

2019ல், விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 அறிவிப்பு வந்தபோது, விண்டோஸோடு சேர்த்து லினக்ஸ் கெர்னலை மைக்ரோசாஃப்டே பேக் பண்ணிக் கொடுக்க முன்வந்தது. புற்றுநோய்க்கு ஹோம் டெலிவரி.

விண்டோஸாவது சொந்த வீட்டுக்காரர் என்று நினைக்கிறீர்களா? ஹைப்பர்-வி ஓட ஆரம்பித்தால் அதுதான் அடித்தளம். ஹோஸ்ட் என்று பீற்றிக்கொள்ளும் விண்டோஸும் அதன்மேல் ஒரு பார்ட்டிஷனில்தான் குடியிருக்கும், பெரிய ரூம் என்பதுதான் வித்தியாசம். விண்டோஸ் 11 புதிதாக வரும் பல மெஷின்களில் செக்யூரிட்டிக்காக இது தானாகவே ஆன் ஆகியிருக்கும். சந்தேகமிருந்தால் ஸ்டார்ட் மெனுவில் ‘எம்எஸ்இன்ஃபோ32’ என்று தட்டி, லிஸ்ட்டின் அடிவரைக்கும் போய்ப் பாருங்கள். ‘எ ஹைப்பர்வைசர் ஹேஸ் பீன் டிடெக்டட்’ என்று இருந்தால், உங்கள் சக்கரவர்த்தியும் வாடகைக்காரர்தான்.