மாண்புமிகு ஃபிரேம்வொர்க்குகளுக்கு ஒரு ஃபிரேமின் மனு

அனுப்புநர்: ஃபிரேம் (ஆயுள் 16.67 மில்லிவிநாடி), 60 ஹெர்ட்ஸ் திரை.

பெறுநர்: மாண்புமிகு எலெக்ட்ரான் அவர்கள், உடன் டபிள்யூபிஎஃப், ஜாவாஎஃப்எக்ஸ் வகையறா.

பொருள்: அனிமேஷன் திக்குவது, வலைப்பக்கம் தவழ்வது – "ரேம் கூட்டுங்கள்" என்னும் நிலையாணையை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

பெருந்தகையீர்,

மேற்படி மனுதாரர் நொடிக்கு 60 பேர் பிறக்கும் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவர். ஜாவாஸ்கிரிப்ட் ஓடி, ஸ்டைல் கணக்கிட்டு, லேஅவுட் போட்டு, பெயின்ட் அடித்துத் திரைக்கு அனுப்பும் வேலை முழுக்க அந்த 16.67 மில்லிவிநாடிக்குள் முடிந்தாக வேண்டும். 144 ஹெர்ட்ஸ் திரையுள்ள வசதியான வீட்டில் பிறந்தால் ஆயுள் ஏழு மில்லிவிநாடிகூட இல்லை. கெடு தவறினால் முந்தைய ஃபிரேமே திரையில் நின்றுகொண்டிருக்கும். பார்ப்பவர் "ஹேங் ஆகுது" என்பார். உதவி மேசை "சிஸ்டம் பழசு சார், ரேம் கூட்டுங்கள்" என்று எழுதிக் கோப்பை மூடும்.

பழைய கோப்புகள் வேறு கதை சொல்கின்றன.

2017-ல் தங்கள் ஆளுகைக்குட்பட்ட விஎஸ் கோட் எடிட்டர், யாரும் ஓர் எழுத்துகூடத் தட்டாமல் ஒரு மேக் கணினியில் சும்மா திறந்து கிடந்தது. சிபியுவில் 13 சதவீதம் போய்க்கொண்டிருந்தது. விசாரித்ததில் அகப்பட்டது கண்சிமிட்டும் கர்சர். நொடிக்கு இருமுறை மாறினால் அதன் கடமை தீர்ந்தது. ஆனால் அதை சிஎஸ்எஸ் அனிமேஷனாக எழுதியிருந்ததால், உள்ளே குடியிருக்கும் குரோமியம் பிரவுசர் நொடிக்கு 60 முறை எழுந்து வேலை பார்த்தது. மனுதாரரின் உறவினர் 58 பேர் நொடிதோறும் வெட்டியாகப் பிறந்தார்கள். 64 ஜிபி ரேம் போட்டிருந்தாலும் பிறந்திருப்பார்கள். கடைசியில், அரை நொடிக்கு ஒருமுறை அடிக்கும் சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் டைமரிடம் அந்தப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

2025 செப்டம்பரில் மேக்ஓஎஸ் 26 வந்தது. எலெக்ட்ரான் செயலி ஒன்றைத் திறந்து வைத்தாலே மொத்தக் கணினியும் மந்தமானது. காரணம், ஜன்னலின் மூலை வளைவு. அதற்காக ஆப்பிளின் உள்ளறை நிரல் ஒன்றில், வெளியார் தொடக்கூடாததில், தாங்கள் கை வைத்திருந்தீர்கள். புதிய ஓஎஸ்ஸில் அது ஜிபியுவை விடாமல் வேலை வாங்கியது. தாங்கள் விரைந்து திருத்தியதை மனுதாரர் நன்றியுடன் ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஒவ்வொரு செயலியும் தனக்கென ஒரு முழு குரோமியத்தைச் சுமந்து திரிவது தங்கள் ராஜ்ஜியத்தின் வழக்கம். ஆகவே ஒரு மூலைக்கான திருத்தம், செயலிக்குச் செயலி தனி அப்டேட்டாகப் போய்ச் சேரவேண்டியிருந்தது.

டபிள்யூபிஎஃப் அவர்களின் பழைய வெப்பிரவுசர் கன்ட்ரோலோ இன்னும் மரபு காப்பவர். கணினியில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11 இருந்தாலும், ரெஜிஸ்ட்ரியில் தனியாக எழுதி வைக்காவிட்டால் 2006-ஐச் சேர்ந்த ஏழாம் பதிப்பின் நடைமுறையிலேயே பெரும்பாலும் பக்கத்தை வரைவார். ஜாவாஎஃப்எக்ஸ் அவர்கள் கிராஃபிக்ஸ் கார்டு தமக்குத் தோதாக இல்லையென்றால், ஓசைப்படாமல் சாஃப்ட்வேர் ரெண்டரிங்குக்கு மாறி எல்லாவற்றையும் சிபியு தலையில் கட்டுவார். ப்ரிஸம் வெர்போஸ் என்ற ஆப்ஷனைப் போட்டுக் கேட்டால்தான் உண்மையைச் சொல்வார்.

ஆகவே மனுதாரரின் கோரிக்கைகள்:

ஒன்று, "ரேம் கூட்டுங்கள்" என்பதற்கு முன் ஜிபியு வேலை செய்கிறதா என்று பார்க்க உத்தரவிட வேண்டும். சில டிரைவர்களை குரோமியம் தடைப்பட்டியலில் வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட கணினியில் வன்பொருள் முடுக்கம் சத்தமில்லாமல் அணைந்துவிடும். குரோமியத்தின் ஜிபியு பக்கத்தைத் திறந்தால் அந்த நிலவரம் வரிவரியாக இருக்கும்.

இரண்டு, அனிமேஷனில் ஒரு பெட்டியை நகர்த்தவோ நீட்டவோ லெஃப்ட், டாப், விட்த் மதிப்புகளை மாற்றும் பழக்கத்தைத் தடைசெய்ய வேண்டும். அப்படிச் செய்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் லேஅவுட் மறுபடி கணக்கிடப்படுகிறது. டிரான்ஸ்ஃபார்ம், ஒபாசிட்டி இரண்டும் பெரும்பாலும், வரைந்த அடுக்குகளைத் திரையில் சேர்க்கும் கம்பாசிட்டரோடு முடிந்துவிடும். மெயின் திரெட் வேறு வேலையில் மூழ்கியிருந்தாலும் அனிமேஷன் ஓடும்.

மூன்று, லூப்புக்குள் ஒரு வரியில் உயரத்தை மாற்றி, அடுத்த வரியிலேயே உயரம் எவ்வளவு என்று கேட்பதை நிறுத்த வேண்டும். பதில் சொல்ல, ஒவ்வொரு முறையும் லேஅவுட்டை உடனே மறுபடி போட வேண்டியிருக்கிறது. ரேஷன் கடையில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகப் பில் போட்டு, ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசிக்குப் போவது போன்றது இது. அளவுகளை முதலில் மொத்தமாகப் படித்துவிட்டு, மாற்றங்களைப் பிறகு மொத்தமாக எழுதலாம்.

நான்கு, திக்கும் இடத்தில் குரோமியம் டெவ்டூல்ஸின் பர்ஃபார்மன்ஸ் டேபைத் திறந்து சில விநாடி பதிவு செய்யாமல் எந்தப் புகாரையும் முடித்துவைக்கக் கூடாது. ஐம்பது மில்லிவிநாடியைத் தாண்டிய வேலைகள் அதில் சிவப்புக் குறியுடன் நிற்கும். எந்த ஃபங்ஷன் என்பதும் அங்கேயே தெரியும்.

ஆவன செய்யுமாறு மனுதாரர் பணிவுடன் வேண்டுகிறார். பதிலை அடுத்த ஃபிரேமின் பெயருக்கு அனுப்பவும், இவர் இருக்கமாட்டார்.

நகல்: ரேம் விற்பவர்களுக்கு – தகவலுக்காக மட்டும், நடவடிக்கை தேவையில்லை.