இடைவேளை அண்ணன்

வெள்ளிக்கிழமை ஒரு படத்தின் தலையெழுத்தைத் தெரிந்துகொள்ள மதுரையில் தியேட்டருக்குப் போக வேண்டியதில்லை. சிம்மக்கல் பக்கம் எங்கள் டீக்கடை பெஞ்சில், பகல் பன்னிரண்டரைக்கு மேல் இடம் பிடித்தால் போதும். முதல் காட்சியை முடித்துக்கொண்டு அண்ணன் வந்துவிடுவார்.

"படம் எப்படிண்ணே?"

உடனே பதில் வராது. முதலில் டீ வரவேண்டும், சீனி கம்மியாக. அப்புறம் பன் பட்டர் ஜாம். அது கேட்டவன் கணக்கு. பாதி பன் உள்ளே போனதும், "ஃபர்ஸ்ட் ஹாஃப் பொளந்துட்டாய்ங்க" என்பார். மீதிப் பன்னும் போனபிறகு, யாரோ செத்த செய்தியைச் சொல்வது போல, "செகண்ட் ஹாஃப்தான் கொஞ்சம் லேக்கு."

பதினைந்து வருடமாக அவர் வாயில் இந்த ஒரே தீர்ப்புதான். நாயகன் மாறலாம், இயக்குநர் மாறலாம், தீர்ப்பு மாறாது. இதில் வேடிக்கை என்னவென்றால், பாதி நேரம் அவர் சொன்னதுதான் நடக்கிறது. 2024-இல் 'இந்தியன் 2' வந்த சில நாளிலேயே 12 நிமிடம் வெட்டினார்கள். அதே ஆண்டு 'மெய்யழக'னிலும் சுமார் 18 நிமிடம் போயிற்று. இரண்டுக்கும் அண்ணன் தன்னையே பொறுப்பாளி ஆக்கிக்கொண்டார். "இங்கன உக்காந்து சொன்னது அங்க வரைக்கும் போயிருச்சு பாத்தியா?" 'மெய்யழகன்' விஷயத்தில் மட்டும் எனக்கு அவரோடு ஒப்புதல் இல்லை. அந்தப் படத்தில் ஆற அமரப் பேசுவதுதான் சுகம். அதில் போய்க் கத்தரி வைக்கலாமா? அண்ணனிடம் இதைச் சொன்னால் இன்னொரு பன் செலவு. விட்டுவிட்டேன்.

அதே ஆண்டு டிசம்பரில், படம் வெளியாகி மூன்று நாளைக்கு இணையத்தில் யாரும் விமர்சனம் போடக்கூடாது என்று தயாரிப்பாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. பேப்பரைப் படித்துக் காட்டினேன். அண்ணன் சிரித்தார். "மூணு நாளா? நம்மகிட்ட மூணு மணி நேரமே கெடயாதேப்பு. இடைவேளையில பப்ஸ் திங்கும்போதே ஜட்ஜ்மெண்ட் முடிஞ்சிருமே."

அவருக்கு இப்போது இருக்கிற பெரிய மனக்குறை காலை 4 மணிக் காட்சி போனது. 2023-இல் 'லியோ'வுக்கு எவ்வளவோ முட்டிப் பார்த்தும் முதல் காட்சி 9 மணிக்குத்தான் என்றாகிவிட்டது. "ஒம்பது மணி வெயில்ல கட்-அவுட்டுக்குப் பால் ஊத்துனா தயிராத்தான் எறங்கும் தம்பி" என்று வருந்துவார். பழக்கம் மட்டும் விடவில்லை. ரிலீஸ் அன்றைக்கு இன்றும் மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது.

இந்த மூன்று மணி முழிப்புக்கும் அந்த 'லேக்'குக்கும் உள்ள உறவு, ஒருமுறை அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புலப்பட்டது. இடைவேளையில் இரண்டு பப்ஸ், ஒரு சோடா. திரும்பி வந்து சாய்ந்தார். ஏ.சி. காற்று. வில்லன் பழைய கதையைச் சொல்லத் தொடங்கிய நாலாவது நிமிடம், அண்ணனிடமிருந்து மெல்லிய குறட்டை. கிளைமாக்ஸ் வெடிச் சத்தத்தில் கண் விழித்து, சுற்றிலும் கைதட்டுகிறார்கள் என்று தானும் தட்டினார். வெளியே வந்ததும் சொன்னார்: "செகண்ட் ஹாஃப்தான் கொஞ்சம் லேக்கு."

அவர் அப்படிச் சொல்லாத படம் என் நினைவில் ஒன்றே ஒன்று, 'கங்குவா'. சத்தம் தாங்கவில்லை என்று ஊரெல்லாம் புலம்பி, ஒலியை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லித் தயாரிப்பாளரே தியேட்டர்களைக் கேட்டுக்கொண்ட படம். பாவம், அதில் மட்டும் அவர் கண்ணே மூடவில்லை. முழுப் படத்தையும் பார்த்துவிட்ட அதிர்ச்சியில் அன்றைக்குக் கருத்தே சொல்லவில்லை.

மதுரைக் கதை என்றால் அண்ணன் வேறு ஆள். படம் தொடங்கியதும் கோபுரத்தை மேலிருந்து காட்டுவார்களே, "வந்துட்டாய்ங்க" என்பார். அடுத்து அருவா வரும். "அடுப்படியில காய் நறுக்குறதுக்கும் நாங்க அருவாதான் வச்சிருக்கோம்னு நெனச்சுக்கிட்டாய்ங்க போல." 'கில்லி' முத்துப்பாண்டி மேல் மட்டும் பாசம்; 2024-இல் மறுபடி ரிலீஸ் ஆனபோது வீட்டு விசேஷம் மாதிரி வெள்ளை வேட்டியில் போனார். 2025-இல் 'தலைவன் தலைவி'யைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் கதையைப் பற்றி ஒரு சொல் வாங்க முடியவில்லை. விஜய் சேதுபதி பரோட்டா வீசியதை மட்டும் பெஞ்சில் கைக்குட்டையை வைத்து வீசிக் காட்டி, "வீச்சு சரியா இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தார்.

அதே ஆண்டு மே மாதம், 'மாமன்' ஓட வேண்டும் என்று மதுரையில் ரசிகர்கள் மண்சோறு சாப்பிட்டார்கள். இது முட்டாள்தனம் என்று சூரியே கண்டித்தார். "நீங்க போனீங்களாண்ணே?" என்றேன். "சேச்சே, நம்ம அந்த ஆளு இல்லப்பு" என்று முகம் சுளித்தவர், கொஞ்சம் கழித்து, "சாம்பார்லதான் உப்புத் தூக்கல்" என்றார்.

படத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் இந்தத் திமிர் அண்ணனுக்குப் பரம்பரைச் சொத்து. 1937-இல் 'சிந்தாமணி' படத்தில் வந்த லாபத்தில் அதே பெயரில் ஒரு தியேட்டரே கட்டிய ஊர் இது. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு தங்கம் தியேட்டர் திறந்தபோது 2,563 இருக்கை. ஆசியாவிலேயே பெரிசு என்பார்கள். அண்ணனின் அப்பா அந்தக் கூட்டத்தில் ஒரு செருப்பைத் தொலைத்தவர். மற்றொன்றை வெகுநாள் பத்திரமாக வைத்திருந்தாராம்.

இன்று சிந்தாமணியும் ஜவுளிக்கடை, தங்கம் இருந்த இடமும் ஜவுளிக்கடை. போன தீபாவளிக்கு மதினி அவரைத் தங்கம் இருந்த இடத்துக்குத்தான் இழுத்துப் போனார். நானும் பை தூக்கப் போயிருந்தேன். பட்டுப் பிரிவுக்கு நடுவே அண்ணன் திடீரென்று நின்று, ஒரு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, எங்கப்பா கணக்குப்படி பாத்தா திரை அங்கிட்டுதான் இருந்திருக்கணும்." விற்பனைப் பெண் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அது ஃபேன்சி செக்‌ஷன் சார்" என்றாள்.

மதினி மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலையை எடுத்துத் தோளில் போட்டுக் காட்டினார். "இது எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

அண்ணன் சுவரிலிருந்து கண்ணை எடுத்தார். முந்தியைத் தொட்டுப் பார்த்தார். கொசுவம் வரைக்கும் விரித்துப் பார்த்தார்.

"முந்தி பொளந்துட்டான்" என்றார். "உடம்புதான் கொஞ்சம் லேக்கு."