கம்பளியும் கத்திரி வெயிலும்

புதுவையின் வில்லியனூரிலும் பாகூரிலும் கத்திரி வெயில் ஏரிக்கரைப் பனைகளையே வாட்டியெடுக்கும் வைகாசியில், மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு அதனடியில் அமர்ந்து, குளிரென்பதை மார்கழி விடியலில் அரை நாழிகை மட்டுமே அறிந்த பேரனுக்குக் கம்பளிச் சட்டை பின்னும் மாதரசிகளின் தீர்க்கதரிசனத்தை மெச்சாமலிருக்க முடியாது.

இப்போது தறியும் கூடத்துக்கு வந்துவிட்டது. மேஜைமேல் வைக்கும் சிறு தறியொன்றை வரவழைத்து, பாவு இழைகளை ஒவ்வொன்றாக விழுதில் கோத்து, பின் அச்சிலும் கோத்து, நடுவில் ஓரிழை தவறியது கண்டு அத்தனையையும் உருவி மறுபடி கோத்து, ஊடை தளர்ந்தும் ஓரம் கோணியும் இறுதியில் ஒரு கைக்குட்டை அவதரிப்பதைச் சித்தசாந்தி தரும் விநோதமென்று கொண்டாடுகிறார்கள்.

இதே புதுவையில்தான், 1936ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள், போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்மீது பிரெஞ்சு அரசு துப்பாக்கிப் பிரயோகம் செய்ய, 12 பேர் மாண்டனர். அதன் பின்னரே எட்டு மணி நேர வேலை கிட்டியது. இவ்வூரின் ஆங்கிலோ பிரெஞ்சுப் பஞ்சாலையோ 2020இல் நிரந்தரமாக மூடப்பட்டது. தறியோசை குறையவேண்டி உயிரைக் கொடுத்த ஊர், இன்று பணங்கொடுத்து அவ்வோசையை வாங்குவது காலத்தின் பரிகாசம்.

ஆயினும் இப்பொழுதுபோக்கைப் பழிப்பதற்கில்லை. ஒரு முழம் நெய்து இடுப்பொடிந்தவர், கூட்டுறவுக் கடையில் கைத்தறிப் புடவைக்குப் பேரம் பேச வாய் திறவார். அப்பயன் கருதியேனும் வீட்டுக்கொரு தறி வைக்கலாம். கம்பளியை மட்டும் ஐப்பசி வரை ஒத்திவையுங்கள்.