புரட்டாசியில் இலை உதிராத ஊர்

கேள்வி: இலையுதிர்காலம் என்கிறார்களே, நம் திருச்சிக்கு அது எப்போது வரும்?
– ஒரு வாசகி, உறையூர்

பதில்: இங்கே இலை கொட்டுவது மாசி, பங்குனியில். புரட்டாசியில் இறங்குவது கோழிக்கறி விலைதான்! பகலில் பொன்னுருகக் காயும். சாயங்காலம் மலைக்கோட்டைக்குப் பின்னால் மின்னல் வெட்டும். குடையோடு பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போய்விடுங்கள். நவராத்திரியில் ரங்கநாச்சியார் கொலுவிருக்க, கோயில் யானை ஆண்டாள் மவுத் ஆர்கன் வாசிப்பாள். கொலு வைத்த வீட்டில் ஒரு பாட்டுப் பாடச் சொன்னால் ‘தொண்டை கட்டியிருக்கு’ என்று நழுவுகிறோமே, அவளுக்கு அந்தச் சாக்கெல்லாம் தெரியாது. ஏழாம் நாள் தாயார் திருவடி சேவை. ஆண்டுக்கு ஒரே முறை, விட்டுவிடாதீர்கள். திரும்பும்போது சுண்டலுக்குப் பெரிய டப்பாவாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் நேற்று ஐந்து வீடு, ஐந்திலும் கொண்டைக்கடலை!