ஸ்பீக்கர் மேல் முறுக்குத் தட்டு

தீபாவளி முடிந்து முறுக்கு டின்களெல்லாம் கழுவி அடுக்கியாயிற்று. எனக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. திறந்த இல்ல உபசரிப்புக்கு வந்த மச்சான் மகன், நான் அடுப்படியில் ஆட்டிறைச்சிப் பிரட்டலை அள்ளிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஹாலில் நின்ற இரண்டு ஸ்பீக்கரையும் சுவர் மூலைக்குத் தள்ளிவிட்டான். ஏன்டா என்றால், "கால் தட்டுது மாமா" என்கிறான். தள்ளிய கையோடு ஒன்றின் மேல் முறுக்குத் தட்டை வைத்தான். இன்னொன்றின் மேல் தன் குழந்தையை உட்கார வைத்தான். "மூலைல வச்சாதான் மாமா பாஸ் நல்லாத் தூக்கும், யூடியூப்ல பாருங்க" என்று ஒரு பாடம் வேறு. வந்திருந்த சொந்தபந்தம் எல்லாம் தலையாட்டியது. உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒருவன் வருவான், பெயர்தான் வேறாக இருக்கும்.

அவன் சொன்னது முழுப்பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. பாஸ் ஒலி நாலாபக்கமும் பரவும். பின்னால் சுவர் இருந்தால் அந்தப் பக்கம் போனதும் திரும்பி வந்து சேர்ந்துகொள்ளும். இரண்டு சுவரும் தரையும் கூடுகிற மூலையில் இன்னும் தடிக்கும். அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் என்பவர் மூலையில் வைப்பதற்கென்றே ஒரு ஸ்பீக்கர் செய்து 1946-இல் விற்க ஆரம்பித்தார். அறைச் சுவர்களையே அந்தப் பெட்டியின் மிச்சப் பாகமாகக் கணக்குப் பண்ணிய புண்ணியவான். அது அதற்கென்று செய்தது. என்னுடையதை மூலையில் தள்ளினால் தவில், மிருதங்கம், பேஸ் கிட்டார், ரோட்டில் போகிற செம்பனை லாரி எல்லாம் ஒரே 'தொம்'தான். எங்கள் தாமான் வீட்டு ஹால் வேறு பத்தடிக்குப் பத்தடி, அச்சுச் சதுரம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே மூன்று மீட்டர் என்றால் 57 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி முட்டி முட்டித் தேங்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் இரண்டு தேக்கமும் ஒரே இடத்தில் கூடிக்கொள்ளும். இதையெல்லாம் பிரட்டல் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவனுக்கு எப்படி விளக்குவது?

அப்படியென்றால் ஸ்பீக்கரை எங்கேதான் வைப்பது? அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த முறுக்குத் தட்டு விஷயத்தைத் தீர்த்துவிடுகிறேன்.

நம் ஆட்களுக்கு மேற்பக்கம் தட்டையாக ஒரு பொருள் இருந்தால் போதும், கை சும்மா இருக்காது. லயத்தில் இருந்த காலத்தில் கிராணி வீட்டு வால்வு ரேடியோவுக்கு மேலே பூ வேலை செய்த துணி விரித்திருப்பார்கள். அப்புறம் கதவு வைத்த டெலிவிஷன் வந்தது, துணி அங்கே குடியேறியது. டெலிவிஷன் இளைத்து இளைத்துச் சுவரில் தொங்க ஆரம்பித்ததும் அதன் தலையில் எதையும் வைக்க முடியாமல் போயிற்று. துணிக்குப் போக்கிடம் இல்லை. என் வீட்டம்மா கண்ணில் ஸ்பீக்கர் பட்டது.

துணி என்றால் சும்மா துணி இல்லை. அவள் அம்மா கையால் கொக்கி ஊசியில் பின்னியது, நாலு முனையிலும் பாசிமணி கோத்தது. அது முன்பக்கம் ஒரு சாண் வழிந்து ட்வீட்டருக்கு முக்காடு போடும். மேல் ஸ்தாயி வயலினெல்லாம் அந்த முக்காட்டுக்குள்ளிருந்துதான் எனக்குக் கேட்கிறது. பாசிமணி வேறு, பாட்டில் ஏதோ ஒரு ஸ்வரம் வந்தால் மட்டும் பெட்டியில் பட்டுக் கிணுகிணுக்கும். ஆம்ப்ளிஃபையரில் கோளாறோ என்று ஒயரைப் பிடுங்கிச் சொருகி, திருகாணியை முடுக்கி, பெட்டிமேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். "அம்மா ஞாபகமா இருக்கற ஒரே பொருள்" என்பாள் அவள். அதற்கு மேல் ஒலியியலில் பதில் கிடையாது.

துணி விரித்தாயிற்று. இனி துணி மேல் வைக்க ஏதாவது வேண்டுமே? பிளாஸ்டிக் ரோஜா ஜாடி வந்தது. மகன் பள்ளிக்கூடத்தில் செப்பாக் தக்ராவில் வாங்கிய கோப்பை வந்தது. தாத்தா படம், அதற்கு ஒரு சந்தன மாலை. தண்ணி பில், கரண்டு பில், அவற்றின் மேல் பாரத்துக்கு ஒரு மைலோ டின். டின்னுக்குள் சில்லறைக் காசு. 50 காசு நாணயத்துக்கும் கீழ் ஸ்தாயிக்கும் ஜென்மப் பொருத்தம், கூடச் சேர்ந்து பாடும். மழைக்காலமானால் கொசுவத்திச் சுருள், அதன் சாம்பலுக்கு ஒரு சாசர்.

இடது ஸ்பீக்கர் மேல் இருப்பவர் முருகன். பத்துமலை வாசலில் 2006-இல் திறந்து வைத்தார்களே, 140 அடி, அவருடைய ஐந்தங்குல நகல். தைப்பூசத்துக்குப் போனபோது வாங்கியது. பாஸ் வரவர இவர் மெல்லத் திரும்ப ஆரம்பிப்பார். பல்லவியில் நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் அனுபல்லவியில் ஜன்னலைப் பார்ப்பார். பாட்டு முடிவதற்குள் சுவரைப் பார்த்து நின்றுவிடுவார், மாம்பழம் அண்ணனுக்குப் போய்விட்ட கோபம் இன்னும் தீராதவர்போல. "சாமி ஏன் மூஞ்சத் திருப்பிக்குது, சத்தத்தக் குறைங்க" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். சாமிமேடைக்குக் கொண்டுபோய் வையேன் என்று சொல்லிப் பார்த்தேன். அங்கே ஏற்கனவே இரண்டு முருகன் இருக்கிறாராம்.

பெட்டிமேல் பாரம் வைத்தால் அதிர்வு அடங்கும் என்று நினைக்கிறவர்களும் உண்டு. கல்லை வைத்தால் அடங்கலாம். கிணுகிணுக்கிற சாமான்களை வைத்தால் பெட்டியோடு சேர்ந்து அவையும் ஆளுக்கொரு வாத்தியம் வாசிக்கும். மேலே தண்ணீர் ஜாடி வைப்பது வேறு தனிப் பாவம். அதை எழுத ஆரம்பித்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

தோட்டத்துக் காலத்தில் இந்தத் தகராறே கிடையாது. ரந்தாவ், சிலியாவ், கோலா சாவா பக்கம் எந்தத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா என்றாலும் சவுண்டு செட்டுக்காரர் வருவார், மரத்தில் ஏறுவார், புனல் ஸ்பீக்கரைக் கட்டுவார், இறங்குவார். ஒன்று கோயில் பக்கம், ஒன்று லயத்துப் பக்கம், ஒன்று துரை பங்களாப் பக்கம். அந்த மூன்றாவதற்கு மட்டும் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அதன்மேல் முறுக்குத் தட்டு வைக்க முடியாது, மரத்தில் ஏறினாலும் வழுக்கிவிடும். ஒரு வாட் கொடுத்தால் வீட்டு ஸ்பீக்கரைவிட 20 டெசிபலுக்கு மேல் கூடுதலாகக் கத்துவது அந்தப் புனல். வீட்டுப் பெட்டி அந்தச் சத்தத்தை எட்ட 100 மடங்குக்கு மேல் கரண்டு சாப்பிட வேண்டும். பாஸ் மட்டும் கிடையாது. தவில் தகரமாகிவிடும், நாதஸ்வரமும் 'திருவிளையாடல்' வசனமும் இரண்டு கட்டைக்கு அப்பாலும் கேட்கும். விடிகாலைப் பெரட்டுக்குப் போகிறவர்கள் வசனம் சொல்லிக்கொண்டேதான் போவார்கள்.

ஸ்டீரியோ வந்துதான் குடியைக் கெடுத்தது. தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முன்னோடிப் படப் பாடல்கள் 1978-இல் வந்த இளையராஜாவின் 'ப்ரியா' பாடல்கள் என்பார்கள். அந்த ஒலிநாடாவுக்காகவே எங்கள் லயத்தில் ஒருவர் இரண்டு ஸ்பீக்கர் வைத்த செட் வாங்கினார். லயத்து நடுச்சுவர் கூரைவரை போகாது, மேலே திறப்பாக இருக்கும். பக்கத்து வீட்டில் அவர் அக்கா. தம்பி மட்டும் கேட்டால் நன்றாக இருக்குமா? ஒரு ஸ்பீக்கரைச் சுவருக்கு மேலே தூக்கி அக்கா வீட்டுப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். இடது பக்க வாத்தியமெல்லாம் தம்பிக்கு, வலது பக்கமெல்லாம் அக்காவுக்கு, பாடகர் மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது. ஆளுக்குப் பாதி ஆர்க்கெஸ்ட்ரா என்று ஒரு குறையும் சொல்லாமல் வருஷக்கணக்காகக் கேட்டார்கள். இங்கிலாந்தில் ஆலன் பிளம்லைன், திரையில் நடிகர் நகர்ந்தால் குரலும் கூடவே நகர வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டு 1931-இல் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு எழுதினார். குரல் சுவர் தாண்டி அக்கா வீட்டுக்குப் போகும் என்று அவர் கண்டாரா?

சரி, இடம். புத்தகம் சொல்வது இதுதான்: இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனையில் இருக்க வேண்டும். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும். பின்சுவரிலிருந்து தள்ளியிருக்க வேண்டும். எழுதியவர் கல்யாணம் ஆகாதவர் என்று நினைக்கிறேன். எங்கள் ஹாலில் ஒரு மூலை சாமிமேடை, ஒரு மூலை தையல் மெஷின், ஒரு மூலை செருப்பு ரேக், மிச்ச மூலையில் கிரில் கதவு திறக்கும். இவற்றுக்கு நடுவில் முக்கோணத்தைப் போட்டால் அதன் உச்சி நேராக ஐஸ்பெட்டியில் போய் விழுகிறது. கோலா சாவாவிலேயே சுத்தமான ஸ்டீரியோ கேட்பது எங்கள் ஐஸ்பெட்டிதான். நான் அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு, மோட்டார் நிற்கிற இடைவெளியில் கேட்கிறேன்.

சப்வூஃபருக்கு இன்னொரு வழி இருக்கிறது. அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் நாற்காலியில் வைத்துப் பாட்டை ஓடவிட்டு, நீங்கள் தரையில் தவழ வேண்டும். எந்த இடத்தில் பாஸ் சீராகக் கேட்கிறதோ அதுதான் அதற்கு இடம். உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட முறை. கைலியோடு தவழ்ந்துகொண்டிருந்தபோது எதிர்வீட்டு அம்மா கறிவேப்பிலை கேட்டுக் கிரில் கதவண்டை வந்து நின்றார். நாற்காலியில் கறுப்புப் பெட்டி, அதற்கு முன்னால் நான் நாலு காலில். கறிவேப்பிலை கேட்காமலேயே போய்விட்டார். அன்றிலிருந்து என்னைக் கண்டால் கொஞ்சம் இரக்கத்தோடு பேசுகிறார்.

இவ்வளவும் செய்து ஒரு மாதிரி வழிக்குக் கொண்டுவந்தால் மழை வரும். தகரக் கூரையில் நவம்பர் மழை இறங்கினால் இளையராஜாவும் கேட்காது, இடியும் கேட்காது.

மழை விட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வருவார். பாசார் மாலாமில் வாங்கிய சக்கரம் வைத்த கராவோக்கே பெட்டி, நெஞ்சில் கலர் கலராக லைட். புத்தகம் படித்தவர் இல்லை, முக்கோணம் தெரியாது. பெட்டியைப் போர்ட்டிகோவுக்கு உருட்டி வந்து என் ஜன்னலைப் பார்த்து நிறுத்துகிறார். மேலே துணி இல்லை, முருகன் இல்லை, பின்னால் சுவர் இல்லை, ட்வீட்டர் அப்படியே என் காது உயரம். சொன்னால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு துல்லியம். கீழ் ஸ்தாயி, மேல் ஸ்தாயி எல்லாம் பிசிறில்லாமல் வந்து சேர்கிறது. மனுஷர்தான் இரண்டிலும் சேருவதில்லை.